கூடையில் வந்த தோட்டம்

கோரைக்கிழங்கை நகத்தால் கிள்ளினால் ஒரு வாசனை வரும். கற்பூரமும் இஞ்சியும் மழை விட்ட மண்ணும் ஒன்றாகக் கலந்த மாதிரி என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அதை முகர்ந்தவர்களுக்குத்தான் அது புரியும். கிழங்கு பட்டாணிக்குக் கொஞ்சம் பெரிது, மேலே கறுத்த தோல், சுற்றிலும் மயிர் மயிராக வேர். கிள்ளின நகத்தில் அந்த வாசனை ஏறிக்கொண்டால் சோறு தின்று கை கழுவினாலும் போகாது. நான் ஐந்தாவது முடித்த கோடையில் என் நகம் அத்தனையிலும் அது இருந்தது. படுக்கும்போது கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன்.

இத்தனை வருஷம் கழித்து அது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் என் மகள் மாலா. நான் அவளோடு நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அவள் வீட்டு வாசலில் புல் உண்டே தவிர, குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்கக்கூட எங்களுக்கு உரிமை கிடையாது. பக்கத்தில் ரயில் பாதை ஓரமாக ஊர்க்காரர்களுக்கென்று ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. கேட்டு வாங்கியவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு நிலம். அதில் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது என்று இந்த ஏப்ரலில் மாலா வந்து சொன்னாள்.

"உன் பேர்லதாம்மா அப்ளை பண்ணேன். சீனியர்ஸுக்கு சீக்கிரம் குடுத்துடறாங்க."

"என் பேர்லயா? நான் என்னத்தைக் கண்டேன்? உன் பேர்ல போட வேண்டியதுதானே."

"என் பேர்ல போட்டா நாலு வருஷம் ஆகும். உனக்கு வயசாச்சுன்னு ஒரு நல்லது நடக்குது, விடேன்."

என் பேரில் நிலம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. வாடகை நிலமானாலும் ஒரு மரக்கட்டையில் என் பெயரை எழுதி மூலையில் நட்டிருந்தார்கள். நான் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

போன வருஷம் அந்தத் துண்டை எடுத்தவர் பாதியில் விட்டுப் போயிருந்தார். ஏப்ரலில் டிராக்டர் வந்து எல்லாத் துண்டையும் உழுதுவிட்டுப் போயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மே மாதக் கடைசியில் வெயில் ஏறினதும் என் துண்டு மட்டும் சீவாத தலை மாதிரி பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது. தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் டயான் என்கிற அம்மாள் மூலையில் ஒரு சிவப்புக் கொடியைக் குத்திவிட்டுப் போயிருந்தார். ஜூன் முடிவதற்குள் சுத்தம் செய்து நட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அதற்கு அர்த்தம். நான் குனிந்து ஒரு தண்டைப் பறித்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். உருளவில்லை. மூன்று பட்டை. கோரை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கேயிருந்து எங்கே வந்தாலும் என்னை விடாது போலிருக்கிறது.

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வரிசையாக ஆறேழு குவார்ட்டர்ஸ். அதற்குப் பின்னால் தண்டவாளம் வரைக்கும் சும்மா கிடந்த நிலம். யாருக்கு வேண்டுமோ எடுத்துச் சுத்தம் பண்ணிப் பயிர் வைத்துக்கொள்ளலாம், ஆடிக்குள் பண்ணாவிட்டால் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அப்பாவின் மேஸ்திரி சொல்லியிருந்தார். எல்லாரும் கிணற்றுப் பக்கத்து இடத்தை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருந்த கோரைக் காட்டை என் அம்மா கேட்டு வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கோரைய வெட்டிப் பாய் பின்னப் போறியா?" என்று கேட்டார்கள். பாய் பின்னுகிற கோரை வேறு, இது வேறு என்று அவர்களுக்கும் தெரியும், கேலிக்குக் கேட்டதுதான்.

அம்மா முதலில் மண்வெட்டியை எடுத்துச் சரசரவென்று வெட்டித் தள்ளினாள். அப்பா வந்து பார்த்து, "பரவால்லியே, சுத்தமாப் பூட்ச்சே" என்றார். ஒரு கோடை மழை பெய்தது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு கிழங்கும் மண்ணுக்குள் இருந்து முளைத்து, முன்னைக்கு இரண்டு மடங்காய் வந்து நின்றது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மண்வெட்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு, கடப்பாரையை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டாள். சாண் அளவு தோண்டுவது, தோண்டின மண்ணைக் கையால் உதிர்ப்பது, கிழங்கைப் பொறுக்குவது, மண்ணைத் திரும்பப் போடுவது. இப்படியே அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். "இந்த ஓரம் ஒரு பாத்தி உனக்குடி. என்னா வேணுமோ நட்டுக்கோ" என்றாள். நான் கனகாம்பரம் என்றேன். அவள் கத்தரி என்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

அந்தக் கோடையிலேயே நான் பெரியவளானேன். தாய்மாமன் வந்து வீட்டோரமாகப் பச்சை ஓலையில் "குச்சு" கட்டி என்னை உள்ளே உட்கார வைத்தார். களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னை அத்தனை பேர் பார்த்தது அப்போதுதான். யார் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு இருந்த ஒரே கவலை என் பாத்தி பாதியில் நிற்கிறதே என்பதுதான்.

குச்சில் உட்கார்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா ஒரு கூடை மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு வந்து என் முன்னால் கொட்டினாள். கூடவே ஒரு பழைய முறம். "சும்மாதான குந்திகினு கீற. பொறுக்கு" என்றாள். நான் பொறுக்கினேன். பொறுக்கி முடித்த மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு, அடுத்த கூடையோடு வந்தாள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அப்போது எங்களோடு இருந்தாள். அவள் கண்ணில் இது பட்டதும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, தீட்டுக் கையால மண்ணத் தொடலாமாடி? அவ தொட்ட மண்ணுல வச்ச செடியெல்லாம் கருகிப் பூடும்!"

அம்மா கூடையை இறக்காமலே சொன்னாள். "செடி எங்க அண்ணி கீது? கோரதான கீது. கருகட்டுமே. அதுக்குத்தான குடுக்கிறேன்."

"வாயப் பாரு இவளுக்கு!" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள். குச்சுக்குள் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உண்மையாகவே கருகும் என்று எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. பொறுக்கும்போது ஒவ்வொரு கிழங்கையும் நன்றாக அழுத்திப் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. ஓரமாக எறிந்த கிழங்கு, இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் பட்ட இடத்தில் வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தீட்டு என்கிறார்களே, கோரைக்கே அதைப் பற்றிக் கவலை இல்லையே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சடங்கு முடிந்து, குச்சைப் பிரித்துக் கொளுத்தினார்கள். நான் அன்றைக்கே தோட்டத்துக்குப் போகக் கிளம்பினேன். பின்கதவுக்கிட்டே அப்பா நின்றார். "லைனோரம் நாலு ஆம்பள போற வர எடம். இனிமே அங்க இன்னா வேல உனக்கு?" என்றார். அப்பா கோபக்காரர் இல்லை. அதை மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால்தான் அதற்கு எதிர்ப்பேச்சு பேச முடியவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடமும் அந்த ஒரே பேச்சில் போய்விட்டது. அம்மா அப்பாவிடம் வாதாடவில்லை. மறுநாள் காலை, அப்பா வேலைக்குப் போனதும், ஒரு கூடை மண் சமையலறையில் வந்து இறங்கியது.

அந்தத் தோட்டம் முழுவதும் அப்படிக் கூடை கூடையாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போயிற்று. வீடே கோரை வாசனை அடித்தது. பொறுக்கின கிழங்கைக் கூரைமேல் காயப் போட்டிருந்தோம். ஒருநாள் அத்தை ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, தன் மகளுக்குக் குளிக்கிற மாவில் சேர்த்து அரைக்க வேண்டும், கொஞ்சம் கொடு என்று கேட்டாள்.

"தீட்டுப் பட்ட கெழங்காச்சே அண்ணி" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பாமல்.

"கெழங்குக்கு ஏதுடி தீட்டு? அது பாட்டுக்கு வாசனையா கீது" என்று டப்பா நிறைய அள்ளிக்கொண்டு போனாள்.

ஆடி பிறக்கும்போது நிலம் சுத்தமாகிவிட்டது. மேஸ்திரி வந்து காலால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். அவரைக்காய் காய்த்தது, பூசணி ஓடியது. என் பாத்தியில் கனகாம்பரம் பூத்தது. அம்மா மடியில் பறித்துக்கொண்டு வந்து கொட்டுவாள், நான் உட்கார்ந்து தொடுப்பேன். பின்கதவு இடுக்கில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். மூன்றாம் வருஷம் எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டை விட்டே வந்துவிட்டேன். அந்த நிலத்து மண் ஒரு பிடி பாக்கியில்லாமல் என் கைவழியாகப் போயிருக்கிறது. நான் பொறுக்கின அந்த மண்ணில், நிலம் சுத்தமான பிறகு நான் ஒரு நாளும் நின்றதில்லை.

இங்கே சிவப்புக் கொடியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். விடிந்ததும் மாலா என்னைக் காரில் கொண்டுபோய் விடுவாள். ஆள் நடமாட்டம் வருவதற்குள் தோண்டி இரண்டு மூன்று வாளியில் மண்ணை நிரப்பி, டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். கராஜில் பழைய போர்வையை விரித்து, கதவைக் கொஞ்சமாக இறக்கிவிட்டு, உட்கார்ந்து பொறுக்குவேன். மறுநாள் அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வேறு மண் எடுத்து வருவேன். அதில் ஏதாவது விசித்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

"அம்மா, கராஜ் ஃபுல்லா மண்ணு. டௌன்ஷிப் நிலத்தை எதுக்கும்மா வீட்டுக்குத் தூக்கிட்டு வர? மீட்டிங் நடுவுல எனக்கு ஒரே தும்மல்."

"நாளைக்குத் திருப்பிக் கொண்டு போயிடுவேன்டி."

"லைப்ரரி புக்காம்மா இது?"

ஒருநாள் வாளியை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது டயான் அம்மாள் வந்துவிட்டார். உயரமானவர், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாலாவிடம் என்னவோ சொன்னார். மாலாவின் முகம் மாறியது. தோட்டத்து மண்ணை வெளியே எடுத்துப் போகக்கூடாதாம். அப்படிச் செய்கிறவர்களிடம் நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். மரக்கட்டையில் இருந்த என் பெயரைத்தான் பார்த்தேன். மண் திருடினவள் என்று ஆகிவிட்டதே. நான் வாளிக்குள் கையை விட்டு ஒரு கிழங்கைத் தேடி எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "திஸ் டேக். மண் பேக்" என்றேன். மாலா மிச்சத்தைச் சொன்னாள். நான் எப்படிப் பொறுக்குகிறேன், எப்படி மறுநாள் திரும்பக் கொண்டு வருகிறேன் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

டயான் அம்மாள் கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஏற்கெனவே நான் கொண்டுவந்து கொட்டியிருந்த ஓரத்தைப் போய்ப் பார்த்தார். அங்கே பச்சை முளைக்கவில்லை. திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"என்னடி கேக்கறாங்க?"

"அதை ஏன் இங்கயே உக்காந்து பண்ணக் கூடாதுன்னு கேக்கறாங்கம்மா."

இங்கே உட்காரக் கூடாது என்று இந்த ஊரில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. பின்கதவுக்கிட்டே யாரும் நிற்கவில்லை. டயான் அம்மாள் ஒரு காலி வாளியை எடுத்துவந்து, என் துண்டின் நடுவில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

உட்கார்ந்தேன். முதல் நாள் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பக்கத்துத் துண்டுக்காரர்கள் வந்தார்கள், கையை ஆட்டினார்கள், தங்கள் தக்காளியைப் பார்க்கப் போய்விட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் போயிற்று. நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஜன்னல் ஜன்னலாகத் தெரிந்தார்கள். எழுந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கை நிறைய மண் இருந்ததால் எழவில்லை. இரண்டாம் நாள் ரயில் வந்ததையே நான் கவனிக்கவில்லை. ஜூன் கடைசி வாரத்தில் டயான் அம்மாள் சிவப்புக் கொடியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அரக்கோணத்துப் பக்கத்தில் அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. இடித்துவிட்டு, எங்கள் தோட்டம் இருந்த இடத்தின் மேல் இன்னொரு லைன் போட்டுவிட்டார்கள் என்று தம்பி சொன்னான். அம்மாவும் இல்லை. குளிக்கிற மாவில் கோரைக்கிழங்கு போட்டு அரைக்கிறவர்களையும் நான் பார்த்து வெகு காலமாயிற்று. இங்கே கடைசி வாளி மண்ணில் அகப்பட்ட ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். இந்த ஊர்க் கோரை வேறு ஜாதி. பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே தவிர, அந்த வாசனை அதில் இல்லை. மறுபடியும் கிள்ளிப் பார்த்தேன். இல்லை.

பொறுக்கி முடித்த மண்ணைக் கையால் பரப்பிச் சமமாக்கினேன். கனகாம்பர விதை இங்கே கிடைக்குமா என்று மாலா போனில் தேடிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மண்ணின் மேல் ஏறி நின்றேன்.