வெட்டுப்பட்ட நான்கு நிமிடங்கள்

எண்பதுகளில், மலேசியாவில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வரை, கல்யாண மண்டபங்களில் எனக்கு ஒரு சின்னப் புகழ் இருந்தது. உழைத்துச் சம்பாதித்தது என்று சொல்ல முடியாது. ஒரு நடிகையிடமிருந்து சுட்டது.

அது பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். வந்தபோதே ஓடாத படம். கணவன் வெளியூர் போயிருப்பான். தனியாக இருக்கும் மனைவி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவாள். அடுத்த நொடி மாடிப்படியில் தலைவிரி கோலமாக நின்று அலறுவாள். நடுவில் ஒன்றுமே கிடையாது. இதைத்தான் நான் செய்து காட்டுவேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பவ்யமாகப் பொறுக்குவேன். சட்டென்று நாற்காலிமேல் ஏறிக் கத்துவேன். தலைமுடிக்கு ஒரு துண்டு. என் சொந்த முடி அப்போதே விடைபெறத் தொடங்கியிருந்தது.

மண்டபமே சிரிக்கும். முன்வரிசையில் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவன் என் நண்பன். பள்ளியில் ஒரே பெஞ்சு. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். பிரிக்பீல்ட்ஸில் வீடியோ கடை வைத்திருந்தான். அந்தப் படத்தின் கேசட்டை எனக்குக் கொடுத்தவனே அவன்தான்.

என் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். சின்ன வயதில் கிள்ளான் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தவள்.

"அந்தம்மா அப்படித் திடீர்னு கத்தலைங்க. நல்லா நடிச்சிருப்பாங்க."

"நீ பேய்க்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டிருந்திருப்பே," என்றேன். கேசட்டைத் தேயத் தேய ஓட்டியவன் என்ற திமிர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு சங்கத்தார் அந்தப் படத்தின் பழைய பிரிண்ட் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையிட்டார்கள். படத்துக்கு முன்னால் என் நகைச்சுவை நிகழ்ச்சி. கத்தினேன், கைதட்டினார்கள். இறங்கிவந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மட்டும் நண்பன் வரவில்லை, கடையில் வேலையாம்.

பேய் வெள்ளைத் துணிதான். தொங்கவிட்ட கயிறுகூடத் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு திருப்தி. பிறகு முறம் வந்தது. அலறலுக்குத் தயாரானேன்.

அலறல் வரவில்லை. மேலே பலகை கிறீச்சிட்டது. அவள் நிமிரவில்லை. விரல் மட்டும் அரிசிமேல் நின்றது. பிறகு மறுபடி பொறுக்கத் தொடங்கினாள். சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: கல்லை முறத்திலேயே விட்டுவிட்டு அரிசியை எடுத்து எறிந்துகொண்டிருந்தாள். தன் பயம் மேலே இருப்பதற்குத் தெரியக்கூடாது என்று முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை அவள் கீழே விழாமல் பிடித்துவைத்திருந்தாளே, அதுதான் நடிப்பு. வசனம் இல்லை, இசை இல்லை. நான்கு நிமிடம் இருக்கும். கடைசியில் அவள் படியேறி அலறியபோது எனக்கு மூச்சு திரும்பியது.

யாரும் சிரிக்கவில்லை. சற்றுமுன் கத்திய கோமாளியைச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். மனைவி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மத்தியானமே நண்பனின் கடைக்குப் போனேன்.

"கேசட்டுல அந்த அரிசி சீன் முழுசா இல்லியேடா?"

அவன் கேசட் உறைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஒரு டேப்புல ரெண்டு படம் அடங்கணும்லா. அப்பத்தான் கஸ்டமர் எடுப்பாங்க. பாட்டுல கை வெச்சா சண்டைக்கு வருவாங்க. யாரும் பேசாத எடமா பாத்து எடுத்துடுவேன். அவ சும்மாதானே உக்காந்திருக்கா?"

"அப்ப நான் இத்தன வருஷமா பண்ணிக்காட்டினது?"

"நான் வெட்டினதத்தான்." சிரித்தான். "மொத தடவ நீ பண்ணப்பவே தெரியும் மச்சான்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நிறுத்திடுவே. அவ்ளோ நல்லா போய்க்கிட்டிருந்துச்சேடா!"

முன்வரிசையில் அவன் எதைப் பார்த்துச் சிரித்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அவனை எப்படித் திட்டுவது? அந்த நடிகையை வைத்துப் பிழைத்தவன் நானும்தான்; இப்படி வந்து நின்று கேட்க அவளுக்கு என் கடை எங்கே என்று தெரியாது, அவ்வளவே.

அடுத்த மாதம் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாட்டு நேரத்தில் என் தோளில் துண்டைப் போட்டு, "ஆரம்பிடா!" என்றான், எதுவுமே நடக்காததுபோல. முன்வரிசையில் போய் உட்கார்ந்தான்.

நெய்ச்சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தேன். விரலை நிறுத்தினேன். மறுபடி பொறுக்கினேன். கூட்டம் சிரிக்கக் காத்திருந்தது. பிறகு நெளிந்தது.

"டேய், கத்துடா," என்றான் நண்பன். குரலில் கெஞ்சல் இருந்தது.

நான் கத்தவில்லை. கிராம்பையும் ஏலக்காயையும் தட்டில் விட்டுவிட்டு, ஒவ்வொரு பருக்கையாக எடுத்து மேசைமேல் போட்டுக்கொண்டிருந்தேன், அவனைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தபடி.