காலில் மட்டும்தான் என்று சொன்னேன்

அவசரப் பிரிவுக்கு வெளியே உள்ள நீண்ட நடைபாதையில் என் மகள் மாலதி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி வீங்கியிருந்தது. எப்படி விழுந்தாய் என்று மலாய் டாக்டர் கேட்டார். டாக்டர் சின்ன வயதுப் பெண். கை வழுக்கிவிட்டது, தப்பு என்னுடையதுதான் என்று மாலதி சொன்னாள். கையில் கிரீம், எண்ணெய் ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு வாய் வரவில்லை.

நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். வீட்டில் கை உடைந்தவரை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாலதிக்கு முப்பத்து நான்கு வயது. சுங்கை சோவில் அறை எடுத்துத் தங்கி, ராவாங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து ஞாயிறு மாலை திரும்பிப் போவாள். கல்யாணம் முறிந்த பிறகு ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தவள், கம்பி ஆட்டம் கற்கச் சேர்ந்தாள். தரைக்கும் கூரைக்கும் நடுவே நட்ட இரும்புக் கம்பியில் ஏறி, தலைகீழாகத் தொங்கி ஆடுவது. ஞாயிறு மாலை வகுப்பு.

எனக்கு அது பிடிக்கவில்லை. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன். முழுசாய் உடுத்திக்கொண்டு ஆடினால் என்ன என்று கேட்டேன். "துணி வழுக்கும்மா. தோலுதான் கம்பியப் புடிக்கும்," என்றாள். அக்கம்பக்கத்தில் யோகா என்று சொல்லி வைத்தேன். பக்கத்து வீட்டு பார்வதி அக்காவுக்கு எப்படியோ தெரிந்துபோய், "கம்பியப் புடிச்சித் தொங்குறதுக்கு எதுக்கு கிளாஸ்? கோலாலம்பூர் பஸ்ல ஏறச் சொல்லு, சும்மாவே கத்துக்கலாம்," என்றார். மாலதிதான் அதிகம் சிரித்தாள்.

அந்த மாதம் அவள் கஷ்டமான ஒரு பிடியைக் கற்றுக்கொண்டிருந்தாள். முழங்கை மடிப்பில் கம்பியைக் கவ்வ வேண்டும். மற்றக் கை கீழே கம்பியைத் தள்ளி நிற்க வேண்டும். அப்படியே இரண்டு காலும் தரையை விட்டு மேலே போக வேண்டும். மூன்று வாரமாக வரவில்லை என்றாள். கையிலும் முட்டிக்குப் பின்னாலும் தோல் கன்றி நீலமாகிக் கிடந்தது. வகுப்பு நாளில் எண்ணெய் மட்டும் வைக்காதே என்று முன்பே சொல்லியிருந்தாள்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தூங்கினாள். அந்தக் காயங்களைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி, காலிலும் இரண்டு முழங்கை மடிப்பிலும் மெதுவாகத் தேய்த்தேன். பிறகு பயம் வந்து கையை மட்டும் துண்டால் துடைத்தேன்.

எழுந்தவள் வாசத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, எண்ணெ வச்சியா? இன்னிக்கு கிளாஸ்னு சொன்னேன்லா."

"கால்ல மட்டும்தான்," என்றேன்.

திட்டு வாங்காமல் இருக்கச் சொன்னது அது. வேறு ஒன்றும் இருந்ததா, வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடட்டும் என்ற நினைப்பு உள்ளே எங்காவது இருந்ததா என்று பலமுறை என்னையே கேட்டுவிட்டேன். இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

நேரமாகிவிட்டது என்று காலை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிளம்பினாள். மாலை ஆறரைக்கு அவள் டீச்சர் போன் செய்தார். பார்வதி அக்காதான் என்னைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பு) மணிக்கட்டுக்குப் பக்கத்தில் உடைந்திருந்தது. ஆப்பரேஷன் செய்து பிளேட் (உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்தார்கள். எலும்பு கூடி வர ஆறு வாரம் என்றார்கள்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், வீக்கம் குறையும். விரல் நிறம் மாறினாலோ மரத்துப்போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கிறதே என்று விரல்களை அசையாமல் வைத்திருக்க விடாதீர்கள், பிறகு மடங்காது. குளிக்கும்போது கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள்.

எலும்பு கூடும் வரை என் வீட்டில் வைத்து நான்தான் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், சோறு பிசைந்து கொடுத்தேன். "நீ இல்லாட்டி நான் என்னாம்மா பண்ணியிருப்பேன்," என்றாள் ஒரு நாள். துண்டைப் பிழிகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் பார்க்க வந்தார். சீனப் பெண், மாலதி வயதுதான் இருக்கும். கிட்ட நின்று தாங்கியிருக்க வேண்டும், கம்பியை இன்னொரு முறை துடைத்திருக்க வேண்டும் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டீ போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் பிசியோ (விறைத்த மூட்டுக்கும் தசைக்கும் அசைவைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி). மாவு போன்ற ஒன்றைப் பிசைய வேண்டும், ஈரத்துணியை முறுக்க வேண்டும். ஒரு கருவியை அழுத்தச் சொல்லிப் பிடியின் பலத்தைப் பார்ப்பார்கள். ஐந்தாம் மாதம் இரண்டு கையும் கிட்டத்தட்ட சமம் என்று பிசியோக்காரர் சொன்னார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மெதுவாக ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்றார்.

மாலதி வேண்டாம் என்றாள். "தாங்கும்னு நெனச்சேன், தாங்கல. எந்தக் கைய நம்பிப் போறது?"

வீட்டிலும் அப்படித்தான். சுடுதண்ணீர்க் கெண்டியைத் தூக்கப் போய்க் கையை இழுத்துக்கொள்வாள். படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பலம் வந்த கையை அவள் நம்பவில்லை. அவள் ஆட்டத்தை விட்டதில் எனக்கு முதலில் நிம்மதி வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பிறகுதான் உறைத்தது, நான் வாயை மூடியிருப்பதால் அவள் தன் கையைக் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறாள் என்று.

ஒரு நாள் பிசியோவிலிருந்து திரும்பும் வழியில் மாலதிதான் காரை ஓட்டினாள். முன்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மெதுவாகப் போனது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்குத் தைரியம் வந்தது.

"மாலா, அன்னிக்குக் கையிலயும் எண்ணெ வச்சேன்."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். லோரி போய்விட்டது.

"எங்க?"

"முழங்கை மடிப்புல. ரெண்டு கையிலயும்."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். "அஞ்சு மாசம்மா," என்றாள். "அஞ்சு மாசமா என் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன். டீச்சர் எங்கிட்ட அழுதாங்க தெரியுமா?"

தெரியாது என்றேன். என்னை இறக்கிவிட்டு, உள்ளே வராமலேயே போய்விட்டாள்.

மூன்று சனிக்கிழமை வரவில்லை. டீச்சரிடம் நான்தான் பேச வேண்டும் என்று தோன்றி, பார்வதி அக்காவை நம்பர் அழுத்தித் தரச் சொல்லி, எனக்குத் தெரிந்த மலாயில் உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பார்வதி அக்கா அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை.

நான்காம் வாரம் மாலதி போன் செய்தாள். டாக்டர் சரி என்றாராம். வகுப்புக்குப் போனாளாம். தரையில் நின்றபடி வெறுமனே கம்பியைப் பிடித்து உடம்பைச் சாய்த்தாளாம். "கை புடிச்சிச்சும்மா," என்றாள். பிறகு அவள், "இனிமே என்னைத் தொடறதுக்கு முன்னாடி கேளு. தூங்கிக்கிட்டு இருந்தா எழுப்பிக் கேளு," என்றாள். சரி என்றேன்.

பெற்ற உடம்பு என்பதால் கேட்காமல் தொடலாம் என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். இப்போது என் கை தானாக அவள் பக்கம் எழுகிறது. ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமையும் வந்தாள். தலை கலைந்திருந்தது. சீப்பை எடுத்துக்கொண்டு போய், "வாரி விடட்டுமா?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது.

"வேணாம்மா," என்றாள்.

சீப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எலும்புக்கு ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னார். இதற்கு யாரும் நாள் சொல்லவில்லை. மதியம் மிக மெதுவாகப் போனது. அவள் எழுந்து போகவில்லை.