கடல்மேல் நடந்து எடுத்த படம்

லென்ஸில் தூசி விழுந்தால் வாயருகே வைத்து ‘ஹா’ என்று ஊதி, கர்ச்சீப்பால் துடைப்பேன். செங்கம் ரோட்டில் ஸ்டூடியோ போட்ட நாள் முதல் அதுதான் வழக்கம். பஸ் கிளப்பும் புழுதிக்கும் கார்த்திகை தீபத்துப் புகைக்கும் அதே வைத்தியம். பின்லாந்திலும் அதையே செய்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கிய பின்லாந்துப் பெண்ணைக் காதலித்து, அவள் ஊருக்கே வேலைக்குப் போனவன் கீழ்பென்னாத்தூர் சரவணன். ஜனவரியில் பெண் வீட்டில் கல்யாணம். அவன் அம்மா பச்சையம்மாளுக்கு விசா கிடைக்கவில்லை. நம்ம ஊர் போட்டோகிராபராவது போகட்டும் என்று அந்த அம்மா அடம்பிடித்ததில் எனக்கு அடித்தது யோகம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தாலி கட்றத யாரு வேணா எடுப்பாங்க தம்பி. எம்புள்ள எந்த மாதிரி எடத்துல கெடக்கிறான்னு எனக்குத் தெரியணும். கடலே கல்லாட்டம் ஆயிடும்னு சொல்றான். அங்க அவன நிக்க வெச்சு ஒரு படம் எடுத்தாந்துடுங்க.”

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் கடற்கரைக்குப் போனோம். பெண் வீடு கரையை ஒட்டித்தான். அலை இல்லை, இரைச்சல் இல்லை. மகாபலிபுரத்தில் எத்தனையோ ஜோடிகளை அசையாமல் நில்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். இங்கே கடலே அசையாமல் போஸ் கொடுத்தது. கேமராவின் வெளிச்ச மீட்டர் சொன்னபடி எடுத்தால் பனி சாம்பலாக வந்தது. எக்ஸ்போஷரை ஏற்றிய பிறகுதான் வெள்ளை வெள்ளையானது. மரத்தால் கட்டிய படகுத்துறை மேலேயே பத்திரமாக நின்றுகொண்டு, ஜோடியைத் தூரத்தில் ஐஸ்மேல் நிறுத்தி ஜூம் லென்ஸில் நாலு படம் எடுத்தேன். மரக்காணத்து உப்பளம் மாதிரி இருந்தது. கடல் என்று சத்தியம் செய்தாலும் பச்சையம்மாள் நம்பமாட்டார்.

லென்ஸில் பனித்தூள் படிந்திருந்தது. பழக்க தோஷம், ஊதிவிட்டேன். ஊதிய மூச்சு அப்படியே கண்ணாடியில் உறைந்துபோனது. துடைக்கத் துடைக்க இழுசியது.

“இன்னாண்ணா பண்ணீங்க?” என்று ஓடிவந்தான் சரவணன். “வெளிச்சம் இப்பப் போயிடும். நாளைக்கு உங்களுக்கு பிளைட் வேற.”

பையில் மிச்சம் இருந்தது பிப்டி லென்ஸ். அதில் ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். இங்கே நடப்பதென்றால் கடல்மேல்.

“தாங்குமாடா?”

“எங்க மாமனாரு கார்லயே போறாரு. தைரியமா வாங்கண்ணா.”

காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். பயம் பாதி வழியில் போய், ஆவல் பிடித்துக்கொண்டது. பனியை ஒதுக்கிக் குனிந்து பார்த்தால் பச்சைக் கண்ணாடி. உள்ளே காற்றுக் குமிழ்கள் அடுக்கடுக்காக நின்றன. ஒரு கடற்பாசி ஆடிய வாக்கிலேயே சிக்கியிருந்தது. காதை வைத்தேன், அடியில் எங்கோ முனகல். எனக்குச் சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்து வந்தன. நிமிர்ந்து திரும்பியபோது, நான் நின்றிருந்த படகுத்துறையின் கால்கள் ஐஸுக்குள் புதைந்து தெரிந்தன. பின்னால் பெண் வீடு. ஜோடியை அந்தத் துறைக்கு முன்னால் ஐஸ்மேல் நிறுத்தி, கடலில் நின்றபடி கரையை எடுத்தேன்.

ஊர் திரும்பியதும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பச்சையம்மாளிடம் கொடுத்தேன். கடல் உறைந்த கதையை அளக்க ஆரம்பித்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. படத்தில் இருந்த ஜன்னலைத் தொட்டார்.

“பகல்லயே லைட்டு எரியுதே. உள்ள யாரு?”

“பொண்ணோட அம்மாங்க. இவங்களுக்காக சூப்பு வெச்சிட்டிருந்தாங்க.”

“அப்ப, குளுர்ல வந்தா சூடாக் குடுக்க ஆளு இருக்குது” என்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் கல்யாண ஆர்டர் பேசும்போதே கேட்டுவிடுகிறேன்: வர முடியாதவர் யார், அவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்?