ஐந்தாவது ஆள் வாங்கிய சாமான்கள்

சாயந்திரம் ஆறரை மணி ஆனால் கடலூர் முதுநகரில் எங்கள் தெரு முழுக்க டிவி சத்தம்தான். என் காதுக்குள் மட்டும் கத்தி மோதுகிற சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் என் போனை எட்டிப் பார்த்து, "என்னாக்கா, சண்டைப் படமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நான் போனில் சண்டை விளையாடுகிறேன் என்பதை அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். அவன் மேல் குறை இல்லை. எனக்கும் போனில் என்ன பேசுவது என்று தெரியாது. கருவாடு விற்று அவனை ஆளாக்கிய காலத்திலும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் சிதம்பரத்தில் அவனோடு படித்த சிநேகிதர்களிடம் அவன் நிறையப் பேசுவான். அவனும் அவர்கள் நாலு பேரும் ஒரு கூட்டாகத் தினமும் போனில் விளையாடினார்கள். அதில் கிள்ளை ஊர்க்காரன் ஒருவன் குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டான். மகன் அப்போது லீவில் வந்திருந்தான். ஆள் குறைகிறதே என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே புலம்பினான். "நான் வர்றேன்" என்றேன். சிரித்தான். "வேற ஆள் கெடைக்கலன்னா சொல்லு. எனக்கொண்ணும் ஆசை கெடையாது" என்றேன்.

ஆசை இருந்தது. காதில் வயரை மாட்டிக்கொண்டால் அவன் குரலை ஒரு மணி நேரம் கேட்கலாம். என்னோடு பேசுகிற குரல் இல்லைதான். சிநேகிதர்களைத் திட்டுவான், சிரிப்பான், நடுவில் எதையாவது மெல்லுவான். மெல்லுகிற சத்தத்தை வைத்தே அது முறுக்கா சிப்ஸா என்று கண்டுபிடித்துவிடுவேன்.

வேறு ஆள் கிடைக்காததால் மகன் என் போனிலும் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சிங்கப்பூர் போனான். ஆட்டம் இதுதான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் காடும் ஒரு ஆறும். எதிரியின் கோட்டையை எவர் முதலில் உடைக்கிறாரோ அவருக்கு ஜெயம். நாலு பேர் வெட்டுவார்கள். ஐந்தாவது ஆள் வெட்டக்கூடாது, காப்பாற்ற வேண்டும். அதற்கு சப்போர்ட் என்று பெயர். எனக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.

ஆட்டம் ஓட ஓடக் காசு சேரும். கோட்டையில் ஒரு கடை இருக்கிறது, அந்தக் காசுக்கு அங்கே சாமான் வாங்கலாம். எல்லாம் இங்கிலீஷ். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் படம் இருந்தது. செருப்பு வாங்கினால் வேகமாக நடக்கலாம். விளக்கை நட்டு வைத்தால் புதருக்குள் எவன் ஒளிந்திருக்கிறான் என்று தெரியும். பச்சை வட்டம் ஒன்று உண்டு. அதைப் போட்டால் சுற்றி நிற்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் காயம் ஆறும். சப்போர்ட்டுக்குக் காசு குறைவாகத்தான் வரும். எதை முதலில் வாங்குகிறோம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

நான் முதலில் வாங்கியது கயிறு. அதை நம் ஆள் ஒருவனோடு கட்டிக்கொள்ளலாம். அவன் மேல் விழுகிற அடியில் பாதி நம் மேல் விழும். படத்தை அமுக்கிப் பார்த்து, நாலு ஆட்டம் செத்துப் பார்த்து, இதை நானாகவே புரிந்துகொண்டேன். புரிந்த அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கியதும் கயிறு வாங்கி என் மகனோடு கட்டிவிடுவேன்.

அவன் முரடன். ஆறு தாண்டி ஒற்றையாகப் போவான். அவன் சாகும்போது நானும் சாவேன். மற்ற மூன்று பேரும் காப்பாற்ற ஆளில்லாமல் நிற்பார்கள்.

ஒரு நாள் தொடர்ந்து தோற்றோம். கூட்டில் இருந்த பண்ருட்டிக்காரன் சொன்னான். "மச்சான், கிள்ளைக்காரன் திரும்ப வர்றேங்கறான்டா."

"டேய், அம்மா லைன்ல இருக்காங்கடா" என்றான் இன்னொருவன்.

"அம்மா தப்பா நெனைக்காதீங்க."

"நான் எதுக்குப்பா நெனைக்கப்போறேன்?" என்றேன்.

என் மகன் எதையோ மென்று விழுங்கினான். பிறகு, "இந்த வாரம் பாக்கலாம்டா" என்றான்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். அவர்களில் ஒருவன் கீழவீதிப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். போனுக்கு உறை மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் போனேன். அவன் உறையை மாட்டிக்கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, என் முகத்தையே பார்த்தான்.

"கடலூர்ல கெடைக்காத உறையாம்மா இது?"

நான் டீயைக் குடித்தேன்.

"அந்தக் கயித்த விட்டுடுங்கம்மா" என்றான் அவனே. "அவன் எங்க போயி வுழுந்தாலும் நீங்களும் கூடவே வுழுறீங்க. நாங்க மூணு பேரும் என்னா பாவம் பண்ணோம்? எங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

"சோறு மாதிரி சொல்ற."

"அதேதான். பந்தியில சொந்தப் புள்ளைக்கே பரிமாறிட்டிருந்தா மத்தவன் எழுந்து போயிடுவான்ல?" என்று சிரித்தான். பச்சை வட்டத்தை முதலில் வாங்கச் சொன்னான். பிறகு விளக்கு, பிறகு செருப்பு. கிளம்பும்போது, "இருக்கணும்னு ஆசையா இருந்தா அவன்கிட்ட வாயத் தொறந்து சொல்லுங்கம்மா" என்றான்.

"எனக்கென்னா ஆசை?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் கடையில் கயிற்றுப் படத்தைத் தாண்டி விரலை நகர்த்தினேன். பச்சை வட்டம் வாங்கினேன். நாலு பேரும் சேர்ந்து நிற்கும்போது பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஆற்றோரம் விளக்கு நட்டேன். என் மகன் வழக்கம்போல ஒற்றையாகப் போய்ச் செத்தான். நான் போகவில்லை. மற்ற மூவரோடு நின்றேன். கோட்டை உடைந்தது. மறு ஆட்டமும் ஜெயம்.

"அம்மா செம்மம்மா!" என்று பண்ருட்டிக்காரன் கத்தினான். காது வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

"என்னாம்மா, இன்னைக்குக் கயிறு கட்டல?" என்றான் மகன்.

அவனுக்குத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை.

"நீயே தாங்கிக்குவன்னுதான்" என்றேன்.

மகன் தொண்டையைச் செருமினான். அப்புறம் சொன்னான். "அம்மா, கிள்ளைக்காரன் நாளைலேர்ந்து வர்றான். நீ ஆளில்லன்னுதான வந்த. எங்களுக்காக இவ்ளோ நாளு கஷ்டப்பட்டுட்ட. கண்ணு வேற வலிக்குதுங்கற. இனிமே உனக்குத் தொல்ல இல்ல."

"டேய், அப்படி இல்லடா, அம்மா இன்னைக்கு இங்க…" என்று சிதம்பரத்துக்காரன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருப்பா" என்றேன். "அவன் சொல்றதுதான் சரி. எனக்கும் வேலை கெடக்குது."

வயரைக் கழற்றி வைத்தேன். வேலை எதுவும் கிடக்கவில்லை.

இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது மகன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. அதை அமுக்கினால் ஒரு கண் படம் வந்தது. கண்ணைத் தொட்டேன். அவர்கள் ஆட்டம் அப்படியே தெரிந்தது. பார்க்க மட்டும்தான் முடியும். பேச்சு கேட்காது. ஐந்து பேரும் ஓடுவதையும் வெட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சிரிக்கிறார்கள், யார் மெல்லுகிறார்கள் என்று தெரியவில்லை. கிள்ளைக்காரன் நன்றாகத்தான் விளையாடுகிறான். எந்தச் சாமானை எப்போது வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. அதிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். சாப்பிட்டியா என்றான். சாப்பிட்டேன் என்றேன். மாத்திரை கேட்டான். போட்டேன் என்றேன். சரி வைக்கிறேன் என்று அவன் சொல்வதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"நேத்து ஆத்துக்கு அந்தாண்ட ஏன் ஒண்டியாப் போன? புதர்ல மூணு பேரு இருந்தானுங்க."

அங்கே பஸ்ஸோ லாரியோ எதுவோ கடந்து போகிற சத்தம் கேட்டது.

"நீ தெனம் பாக்கறியாம்மா?"

"சும்மாத் தொறந்து வச்சிருந்தேன்."

போனை வைத்துவிட்டானா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னா கொழம்பு வச்ச?" என்று கேட்டான்.