மைக் அக்காவின் பங்கு

கூட்டத்துக்கு வந்த யாரோ ஒருவர் ஒரு நாள் பின்வரிசையிலிருந்து "மைக் அக்கா, இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து அலுவலகத்திலும் அவளுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பதவிப் பெயர் கள உதவியாளர். சுற்றுச்சூழல் துறை ஏதாவது புதிய விதி கொண்டுவரும் முன் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தியாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, மைக்கைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பது, பேசுகிறவரின் வாய்க்கு நேராக அதை நீட்டுவது, அவருக்குரிய நேரம் முடிந்ததும் மெல்லப் பின்னால் இழுத்துக்கொள்வது, இவையெல்லாம் அவள் வேலை. மைக்கை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் லேசில் திரும்பி வராது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு கால்தான் முதலில் மக்கர் செய்தது. மணிக்கணக்கில் நின்றுவிட்டு வந்தால் இரவெல்லாம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அதைவிட அலுப்பு, திட்டு வாங்குவது. மேடையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைத் திட்ட முடியாதவர்கள் பக்கத்தில் நிற்கிற இவளைத் திட்டினார்கள். உங்கள் ஆட்களில் ஒருவராவது சேற்றில் கால் வைத்ததுண்டா என்று கேட்டார்கள். ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் ஒரு மாதிரி தலையாட்ட அக்கா பழகியிருந்தாள். மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லோரும் சொன்னதை டைப் அடிப்பாள். ஒவ்வொருவர் பேச்சின் கீழும் ஒரே வரிதான் வரும்: கருத்து பதிவு செய்யப்பட்டது. அந்த வரியை அடிக்க அவளுக்குக் கண்ணே தேவைப்படவில்லை.

வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கும் மெஷின் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகளும் அவளும் மட்டும் அங்கே இருந்தார்கள். கணவன் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவனுடைய அண்ணன், இவள் அத்தான் என்று கூப்பிடுகிறவர், பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வருகிற ஒரு சிறிய ஊரில் குடும்ப நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைத்தார். நிலம் பாகம் பிரிக்கப்படவில்லை. பத்திரத்தில் அத்தான் பெயரும் அக்கா பெயரும் சேர்ந்தே இருந்தன. அத்தான் உழுதார், விதைத்தார், விற்றார். அறுவடைக்கு அறுவடை கோஸும் பீன்ஸும் ஒரு மூட்டையில் கட்டி வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார். இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

நிலத்தின் கீழ்க்கோடியில் ஆற்றை ஒட்டி ஒரு சதுப்பு. நாணல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கிடக்கும். நீர்க்கோழிகள் கூடு கட்டும், சில வருஷம் நீர்நாயும் வந்து போகும். சதுப்புக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வடிகால் வாய்க்கால் ஓடியது. அதை வருஷா வருஷம் தூர் வாராவிட்டால் சதுப்பின் தண்ணீர் மெல்ல ஏறி வயலுக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் துறை கொண்டுவந்த வரைவு விதி இப்படிப்பட்ட இடங்களைப் பற்றியது. தனியார் நிலத்துக்குள் இருக்கும் சதுப்பு, நாணல்காடு, நீர்க்கரை எதையும் இனிமேல் நிரப்பக் கூடாது, உழக் கூடாது, வடிக்கக் கூடாது. நிலம் உரிமையாளருடையதாகவே இருக்கும், ஆனால் கை வைக்கக் கூடாது. ஊர் ஊராகக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். அக்கா மைக்கோடு போனாள். ஒரு நாள் அடுத்த கூட்டம் அத்தான் ஊரில் என்று உத்தரவு வந்தது.

அக்கா விடுப்புக் கேட்டுப் பார்த்தாள். மைக் பிடிக்கத் தெரிந்த இன்னொருவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கிடைக்கவில்லை. பெரியப்பாவிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி மகள் நச்சரித்தாள். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றே அக்கா தள்ளிப்போட்டாள். போனை எடுத்தால் விதியை விளக்க வேண்டும், விளக்கினால் அவர் கோபப்படுவார், கோபப்பட்டால் சமாதானம் சொல்ல வேண்டும். நினைக்கும்போதே உடம்பு படுக்கச் சொன்னது.

கூட்டம் நூலகத்தின் மாடியில் நடந்தது. குறுகலான படியில் ஒலிபெருக்கிப் பெட்டியை அக்காவும் ஜீப் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். ஜன்னல்கள் பெயின்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். கூட்டத்தின் தலைவர், துறையின் வட்டார அதிகாரி, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒரே வாரத்தில் அவருக்கும் இது எத்தனையாவதோ கூட்டம். திரையில் பறவைப் படங்கள் ஓடின. ஒரு படம் தலைகீழாக வந்தபோது மட்டும் கூட்டம் கொஞ்சம் சிரித்தது.

அத்தான் நடு வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்தார், தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ளவில்லை. பேச்சு நெடுநேரம் ஓடியது. ஒருவர் அப்பா காலத்துக் கிணற்றைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் விதிக்குச் சம்பந்தமே இல்லாமல் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினார். எல்லாம் பதிவு செய்யப்பட்டது. பிறகு அத்தான் கை தூக்கினார். அக்கா போய் மைக்கை நீட்டினாள்.

"பறவை மேல எனக்கு ஒண்ணும் விரோதம் இல்ல சார்" என்று அவர் ஆரம்பித்தார். "அந்தச் சதுப்புல நான் எதுவும் போடப் போறதும் இல்ல. ஆனா வாய்க்காலை வாரலன்னா தண்ணி வயலுக்கு ஏறும். நான் வாரக் கூடாதுன்னா, நீங்க வந்து வாருவீங்களா?"

நல்ல கேள்வி, பதிவு செய்துகொள்கிறோம் என்றார் தலைவர்.

அத்தான் உட்காரவில்லை. "இதோ மைக் பிடிச்சிட்டு நிக்கிறாளே, இவ என் தம்பி பொண்டாட்டி. அந்த நிலத்துல பாதி இவளோடது. இவகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மொத்த மாடியும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அத்தானின் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. மைக்கை இழுத்துக்கொள்ள வேண்டும். அக்காவின் கை நீட்டியபடியே நின்றது.

தலைவர் சங்கடத்தோடு சிரித்தார். நீங்களும் உரிமையாளரா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் விதிப்படி நீங்களும் பேசலாம் என்றார். அவள் வேண்டாம் என்பாள், அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் மரியாதைக்குக் கேட்டிருப்பார். அக்கா மைக்கை டிரைவரிடம் கொடுத்தாள். தூங்கி வழிந்துகொண்டிருந்த டிரைவர் பதறி எழுந்து, அதை அவள் வாயில் இடிக்கிற மாதிரி பிடித்தார்.

இத்தனை வருஷம் மற்றவர் பேச்சைக் கேட்டவளுக்குத் தன் முறை வந்தபோது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. சதுப்பைப் பற்றிச் சொல்ல வந்து கால்வலியில் போய் நின்றாள். கணவன் பெயரைச் சொல்லிவிட்டு எதற்குச் சொன்னோம் என்று மறந்தாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு தலைவரை நேராகப் பார்த்தாள்.

"சார், எங்க அத்தான் கேட்டதைப் பதிவு பண்ணிக்கிறேன்னு சொன்னீங்க. அதை டைப் அடிக்கப் போறதே நான்தான். அடிச்சு ஃபைல்ல போட்டா அதுக்கப்புறம் யார் எடுத்துப் பாக்குறாங்கன்னு எனக்கே தெரியாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இப்பவே பதில் சொல்லுங்க. தண்ணி ஏறினா யார் வருவாங்க?"

தலைவர் பக்கத்திலிருந்த வரைவைப் புரட்டினார். இன்னொரு முறை புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தெரியலம்மா. அதைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல."

சத்தம் கிளம்பும் என்று அக்கா எதிர்பார்த்தாள். கிளம்பவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதுபோல மக்கள் நாற்காலியில் சாய்ந்தார்கள். அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் தானாக ஓடியது. வாய்க்காலை வார விட்டால் போதும், என் பங்காகச் சதுப்புப் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன், அதை யாரும் தொடாமல் அப்படியே விட எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். நேரம் முடிந்தது என்று டிரைவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

அத்தான் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். அவர் மனைவி மட்டும் வாசலில் ஒரு நொடி நின்று, அக்காவைப் பார்த்து என்னத்தைச் சொல்ல என்பதுபோல உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பின்னால் போனாள்.

பணியில் இருக்கும்போது சொந்தக் கருத்துச் சொன்னதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. தலைவர் பேசச் சொன்னார், பேசினேன் என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். அவளைக் கொஞ்ச நாளைக்குப் பொருள் வைப்பறைக்கு மாற்றினார்கள். தண்டனையாம். அங்கே ஒரு மெத்தை நாற்காலி இருந்தது, உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். கெண்டைக்கால் வலி பாதி குறைந்தது.

மழைக்காலம் முடிந்ததும் இறுதி விதி வெளியானது. சதுப்புகளில் கை வைக்கக் கூடாது என்பது அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்திருந்தது: ஏற்கெனவே இருக்கும் வாய்க்கால்களைப் பறவை கூடு கட்டாத மாதங்களில், உரிமையாளர் அனைவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், தூர் வாரலாம். அக்கா கேட்டதால் வந்ததா, வேறு ஊரில் வேறு யாரோ கேட்டதால் வந்ததா, தெரியாது. அக்கா அதைப் படித்துவிட்டு மகளிடம் காட்டினாள். நல்லதும்மா என்று சொல்லிவிட்டு மகள் இரவு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

ஊரிலிருந்து மூட்டை வருவது நின்றிருந்தது. ஒரு நாள் அத்தான் மனைவி போன் செய்தாள். "அவர் கோவமாத்தான் இருக்காரு. ஆனா வயசாயிடுச்சு பாரு, கோவத்தைத் தூக்கிச் சுமக்கவும் தெம்பு இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானே வந்தார். டயர் கடைப் படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். வாய்க்கால் வார அக்காவின் கையெழுத்தும் வேண்டும் என்றார். அக்கா கையெழுத்துப் போட்டு, டீ போட்டுக் கொடுத்தாள். கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"என்கிட்ட கேக்காம ஆபீஸ்காரன் எப்படி முடிவு பண்ணலாம்னு நான் கேட்டேன். சரி. நீ என்கிட்ட கேட்டியா? சதுப்பு என் பங்குன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்றதுக்கு முன்னால?"

"கேக்கல அத்தான்."

"ஏன்?"

பொருத்தமாக ஏதாவது சொல்லலாமா என்று அக்கா யோசித்தாள். "அலுப்பா இருந்துச்சு" என்றாள். "போன் பண்ணணும்னு தினமும் நினைச்சேன். முடியல."

கீழே காற்று மெஷின் இரைந்து அடங்கியது. அத்தான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அதுக்கு நான் என்ன சொல்றது" என்றார். வேறு காரணம் எது சொல்லியிருந்தாலும் அவர் சண்டை போட்டிருப்பார். இதற்குச் சண்டை போட அவரிடம் ஒன்றுமில்லை.

வாய்க்கால் வாரும் நாளில் அக்கா ஊருக்குப் போனாள். வாடகைக்கு எடுத்த இயந்திரம் சேற்றை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டியது. சதுப்புக்கு எல்லை காட்டத் துறை நட்டுவிட்டுப் போன மஞ்சள் குச்சிகளில் பாதி சாய்ந்து கிடந்தன. மதியத்துக்குள் தண்ணீர் நகரத் தொடங்கியது. வயலில் ஏறியிருந்தது மெல்ல வடிந்தது, ஆனால் முழுசாக வடியவில்லை. விதி முடிவாகட்டும் என்று ஒரு வருஷம் வாராமல் விட்டதில் கீழ்மூலை ஊறிப்போய், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே இழுத்தது. அங்கங்கே நாணல் முளைகூட எட்டிப் பார்த்தது.

இன்னும் ஆழமாகத் தோண்டினால் அந்த மூலையையும் மீட்டுவிடலாம் என்றார் இயந்திரம் ஓட்டியவர். ஆழமாகத் தோண்ட விதியில் இடமில்லை என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். அதற்குள் அத்தான் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

"அதை விட்டுடுப்பா" என்றார். "வருஷா வருஷம் அதோட மல்லுக்கட்டி என்ன கண்டேன். எனக்கும் முடியல."

இயந்திரம் போன பிறகு இருவரும் கரையில் உட்கார்ந்தார்கள். பாகம் பிரிப்பதைப் பற்றி அக்கா பேச்செடுத்தாள். அவர் இருக்கட்டும் என்றார். எது இருக்கட்டும் என்று அவள் கேட்கவில்லை. நாணலுக்குள் நீர்க்கோழி ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. விடியற்காலையில் இந்தச் சத்தத்தில் தூங்கவே முடிவதில்லை என்று அத்தான் குறைப்பட்டார். வீட்டு வாசலில் நின்று அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிறோம் என்று இருவருமே சொன்னார்கள். முதலில் யார் எழுந்திருப்பது என்பதுபோல இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.