பிள்ளையின் அப்பா பிறந்த விவரம்

"தை, இரண்டாம் புதன். கட்டுச்சோறு. வளையல் ஏறவில்லை. வளையல்காரர் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்."

அன்றைக்கு நான் எழுதி வைத்த குறிப்பு இவ்வளவுதான். எதையும் தேதி போட்டு எழுதுவது என் பழக்கம். கோவையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசி, கொடுமுடிப் பக்கம் போய், பழைய கிணறுகளின் கல்லில் வெட்டியிருக்கும் ஆண்டுகளைப் படித்துத் தாளில் படியெடுத்து வருவேன். யார் வெட்டிய கிணறு, எந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வெட்டியது என்பதைத் தேடுவதில் எனக்கு ஒரு தனி ருசி.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வயிற்றில் இரட்டை. எங்கள் பக்கம் ஏழாம் மாதம் பெண் வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளை வீட்டில் விருந்து வைப்பார்கள். அன்றே வளையலும் போடுவார்கள். மனைவியின் அம்மா போன மாதமே கையளவு எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்த கண்ணாடி வளையல்கள், விரல் முட்டியைத் தாண்டி இறங்க மறுத்தன.

"அளவெல்லாம் சரியாத்தானுங்க குடுத்தேன். அந்தக் கடைக்காரன் கண்ண மூடிட்டு எடுத்துக் குடுத்துப்போட்டான்," என்றார் மனைவியின் அம்மா.

"கடைக்காரனச் சொல்லாதீங்க சம்பந்தி. ரெட்டப் புள்ளைன்னா ஒடம்பும் ரெட்டையாத்தான் ஊதும்," என்றார் என் அம்மா. கூடம் முழுக்கச் சிரிப்பு. யாரோ சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். வழுக்கி வழுக்கி இரண்டு கையிலும் வளையலை ஏற்றிவிட்டார்கள். ஒருமுறை ஏற்றிய வளையலைப் பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மனைவி மட்டும் என்னை அருகே கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, கல்யாண மோதிரமும் கழல மாட்டேங்குது. தலை வேற இடிக்குது. கண்ணுக்கு முன்னால என்னமோ பூச்சி பறக்கற மாதிரி இருக்குதுங்க."

மறுநாள் அவளுக்கு வழக்கமான பரிசோதனை நாள். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமல், "கொஞ்ச நேரம் ஒருக்களிச்சுப் படுங்க கண்ணு," என்று சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் புரதம் வெளியேறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போக வேண்டாம், இங்கேயே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஊசி ஏற்றுவதற்கு முன் வளையல்களை எடுக்க வேண்டும். சோப்புப் போட்டும் வரவில்லை. நர்ஸ் ஒரு துணியைச் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக நொறுக்க ஆரம்பித்ததும் என் அம்மாவுக்கும் மனைவியின் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் கண் கலங்கியது. அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

"சகுனம் பாக்காதீங்கம்மா," என்றார் நர்ஸ். "வளையல் ஒடையறது கெட்ட சகுனம்னா எங்க வார்டே இருக்கக் கூடாதுங்க. தெனமும் ஒரு கூடை அள்ளறேன்."

இதற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. பெயரைக் கேட்டதும் நான் செய்த முதல் வேலை, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடியது. எக்ளாம்ப்சியா என்றால் கிரேக்கத்தில் மின்னல் மாதிரி பளிச்சென்று வெட்டுவது. அழுத்தம் ஏறி வலிப்பு வருவதற்கு அந்தப் பெயர். 'ப்ரீ' என்பது அதற்கு முந்திய நிலை. மனைவி அப்போது அந்த முந்திய நிலையில் இருந்தாள். பிந்தியது வரக் கூடாது, பிள்ளைகள் இன்னும் சில நாளாவது உள்ளே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும். தாயைக் காப்பாற்றப் பிள்ளைகளை வெளியே எடுக்க வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்ற உள்ளேயே விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் டாக்டர்கள் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வலிப்பைத் தடுக்க ஓர் ஊசி, பிள்ளைகளின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட ஓர் ஊசி.

வீக்கத்தை வைத்து மட்டும் இந்த நோயை இப்போது முடிவு செய்வதில்லை என்று பிறகு படித்தேன். கர்ப்பத்தில் நல்ல உடம்புக்கும் கால் வீங்கும். அழுத்தமும் சிறுநீரும் மற்ற சோதனைகளும்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் கட்டுச்சோறு அன்றைக்கு அந்தக் கூடத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றுகூட இல்லை, சோப்பு இருந்தது.

மூன்றாம் நாள், இரட்டைக் கர்ப்பங்களில் இந்த நோய் வருவது பற்றி ஆராய்ச்சி செய்யும் இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். கொஞ்சம் ரத்தமும், பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியில் ஒரு துண்டும், குடும்ப விவரமும் கேட்டார். விருப்பம் இல்லையென்றால் வேண்டாம், வைத்தியத்தில் எந்த மாற்றமும் இருக்காது என்றார். மனைவி எடுக்கச் சொன்னாள். நான் பம்பு கம்பெனிக்காரன் என்று தெரிந்ததும் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார்:

"நஞ்சுக்கொடி கர்ப்பப்பைக்குள்ள வேர் விடறப்ப, அங்க இருக்கற சின்ன ரத்தக் குழாயெல்லாம் அகலமாகணுங்க. சில பேருக்கு ஆகறதில்ல. குறுகின பைப்புல தண்ணி போதலைன்னா என்ன ஆகும்?"

"மோட்டார் திணறும். பிரஷர் ஏறும்."

"முழுசா அப்படியே இல்லீங்க. நஞ்சுக்கொடி தவிச்சு என்னென்னமோ ரத்தத்துல கலந்து விடுது. அதுல அம்மாவோட ரத்தக் குழாயெல்லாம் கெடுது. ஆனா இவ்வளவு தூரம் நினைச்சுக்கிட்டாப் போதும். ரெட்டைன்னா நஞ்சுக்கொடியோட வேலை அதிகம், வர்றதுக்கு வாய்ப்பும் அதிகம்."

"ஏன் சில பேருக்கு மட்டும் அகலமாகறதில்ல?"

"அது தெரிஞ்சா நான் இங்க வந்து உங்களத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேனுங்க."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிறகு அவர் மனைவியின் அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். உங்கள் பிரசவத்தில் அழுத்தம் இருந்ததா? உங்கள் அக்கா தங்கைகளுக்கு? மனைவியின் அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றார். என் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகவே 'அவங்க பக்கத்து ஒடம்பு வாகு அப்படி' என்று போனில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குங்கம்மா? இவரு பொறந்தப்ப ஏதாச்சும் தொந்தரவு இருந்துதுங்களா?"

"எனக்கா? பையனா புள்ள சொமக்கறான்? அவன் பொறந்தது எதுக்குங்க அம்மணி?"

"சொமக்கலைங்க. ஆனா அந்த நஞ்சுக்கொடி உருவாகறதுல பாதி இவரு பங்குங்க. இந்த மாதிரிப் பிரசவத்துல பொறந்த ஆம்பளைங்களோட பொண்டாட்டிக்கும் இது கொஞ்சம் கூடுதலா வரலாம்னு சொல்றாங்க. அதனால பிள்ளையோட அப்பா பொறந்த விவரமும் கேக்கறோம்."

"நல்லாக் கேளுங்க டாக்டர், நல்லாக் கேளுங்க," என்றார் மனைவியின் அம்மா. மூன்று நாளில் அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஒண்ணும் இல்லீங்க. சுகப்பிரசவம்," என்று சொல்லிவிட்டு என் அம்மா வெந்நீர் பிடிக்க பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அன்று மதியம் முழுக்க நான் வராந்தாவில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பங்கு என்பது எனக்குப் புதிய செய்தி. பெண் பார்க்கப் போனால் பெண்ணின் அம்மாவுக்கு எத்தனை பிள்ளை, எத்தனை தங்கியது என்று விசாரிப்பது எங்கள் பக்கம் உண்டு. மாப்பிள்ளை எப்படிப் பிறந்தான் என்று யாரும் விசாரித்து நான் கேட்டதில்லை. நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தபோது, அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஏதோ சமாதானம் ஆகிவிட்டார்கள் போல என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் ரத்தம் எடுக்க வந்தார். மனைவி படுத்தபடியே சொன்னாள்:

"நேத்து ஒண்ணு தப்பா எழுதிட்டீங்க டாக்டர். இவரு பொறக்கறப்ப அத்தைக்கு வலிப்பு வந்திருக்குதுங்க. எட்டாம் மாசமே பொறந்திருக்காரு. மாத்தி எழுதிக்குங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெளியே காக்கையைப் பார்த்தார்.

அன்றே அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் ஏறியது. இனிமேல் காத்திருக்க முடியாது என்று மனைவியைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கதவு சாத்திய பிறகு, பெஞ்சில் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மனைவியின் அம்மா எதிர்ச்சுவரில் இருந்த பிள்ளையார் படத்தின் முன் நின்றபடியே இருந்தார். ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தால் நேரம் போகும் என்று கேட்டேன்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?"

"நீ எழுதிப்போடுவே சாமி."

"எழுதினா என்னம்மா?"

"அப்ப அதக் காத்து கருப்புங்கறான் ஒருத்தன், ஜன்னிங்கறான் ஒருத்தன். வலிப்புக்காரக் குடும்பம்னு, பின்னால உங்க சித்தி வளந்து வந்த நல்ல எடமும் தட்டிப்போச்சு. அதுக்கப்பறம் அந்தப் பேச்ச எடுக்கவே கூடாதுன்னு எங்கப்பா சொல்லிப்போட்டாரு."

"அப்பறம் அவகிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?"

"நேத்து எங்கையப் புடிச்சுட்டு, 'அத்தை, நான் செத்துப்போவனா'ன்னு கேட்டா. வலிப்பே வந்தும் பொழச்சு உம்முன்னால குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன் பாருன்னு சொல்லோணுமில்ல? வேற என்னத்தச் சொல்றது?"

இரண்டும் பெண். முதல் குழந்தை அழும் சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது; இரண்டாவதின் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் தாமதமாக அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். மனைவிக்கு வலிப்பு வரவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் வரலாம் என்று இரண்டு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அழுத்தம் முழுதாக இறங்கப் பங்குனி ஆகிவிட்டது. இப்போது மகள்கள் இருவரும் தவழ்கிறார்கள். என் கிணற்றுப் படியெடுப்புகளில் ஒன்று அவர்களால் கிழிந்திருக்கிறது.

குழந்தைகளைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்தபோது, கண்ணாடிக்கு வெளியே நின்று அம்மா வெகுநேரம் பார்த்தார். உள்ளங்கையளவு முகங்கள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"அந்த நர்ஸம்மா ரெண்டுன்னாங்க."

"எந்த நர்ஸம்மா?"

"நீ பொறந்தப்ப. எனக்கு நெனவு வந்து போயிட்டு இருந்துது. ரெண்டுன்னு காதுல உழுந்துது. முழுச்சுப் பாத்தா நீ ஒருத்தன்தான் பக்கத்துல கெடந்தே. எங்கம்மாவக் கேட்டேன். வலிப்புல என்னமோ காதுல உழுந்திருக்கும், பேசாமப் படுன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

நான் கேட்டுப் பார்த்தேன். அவிநாசியில் நான் பிறந்த மருத்துவமனை இருந்த கட்டடத்தில் இப்போது கீழே செல்போன் கடை, மேலே டியூஷன் சென்டர். அங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் இல்லை. என் அப்பாவும் இல்லை, அம்மாவின் அம்மாவும் இல்லை. சித்திக்கு அப்போது சின்ன வயது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள், ஏன் என்று தெரியாது என்கிறார். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு குழந்தைதான் இருக்கிறது. இறந்து பிறந்த குழந்தைக்கு அதில் இடம் இல்லை என்பதால் அது எதையும் நிரூபிக்காது.

ஆராய்ச்சி டாக்டரிடம் போனில் சொன்னேன். பிள்ளையின் அப்பா ஒற்றையா இரட்டையா என்றும் தாளில் ஒரு கேள்வி இருக்கிறதாம். நான் ஒற்றை என்று சொல்லியிருந்தேன். "தெரியலைன்னு மாத்திக்கறேனுங்க, அதுவும் ஒரு பதில்தான்," என்றார்.

என் அம்மாவுக்கு வந்தது எக்ளாம்ப்சியாதானா என்பதற்கு அவர் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. என்னோடு இன்னொரு குழந்தை பிறந்ததா என்பது இதை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.