ஒரு பீலி, இரண்டு வீடு

கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் துப்பரவு செய்கிறவனுக்குக் கொழும்பில் இரண்டே காலம்: மழைக்கு முந்தி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், மழை தொடங்கினால் எல்லோரும் ஒரேநாளில் கூப்பிடுவார்கள். ஏணியோடு கேற்றடியில் நின்று விலை பேசியவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள் உங்கள் கூரை விளிம்பை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

காற்றின் கூலி

வெள்ளவத்தையில் இரண்டு ஃபிளட்டுகளுக்கு நடுவில் நசுங்கி நிற்கும் பழைய வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் சொன்ன விலையைப் பாதியாக்கினார். நான் கொஞ்சம் இறங்கினேன். அதையும் பாதியாக்கினார். "இலைதானே தம்பி, ஒரு நல்ல காத்து அடிச்சாத் தானாப் போயிடும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப காத்தையே கூப்பிடுங்கோ சேர்" என்று ஏணியைத் தூக்கிவிட்டேன். கேற்றைச் சாத்திக்கொண்டே அவர் சொன்னார்: "காத்து காசு கேக்காது, தம்பி."

கோட்டுக்கு இப்பால்

ஏணியைத் திருவீலரில் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும்போது கொட்டாஞ்சேனையிலிருந்து றோசலின் அக்காவின் அழைப்பு. என்ன வேலை என்று கேட்காமலே வருகிறேன் என்றேன். கோபத்தில் ஒரு வேலையை விட்டவன் அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான்.

போய்ப் பார்த்தால் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடு, ஒரே அஸ்பெஸ்டஸ் கூரை, பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே நீளப் பீலி. தண்ணீர் இறங்கும் குழாய் பக்கத்து வீட்டு நிசாம் நானாவின் கோடியில். இலை கொட்டும் மாமரம் அக்காவின் முற்றத்தில். மரம் அவளுடையது, அவளே அள்ளட்டும் என்பது நானாவின் கட்சி. குழாய் அவருடையது, அவரே அள்ளட்டும் என்பது அக்காவின் கட்சி. மூன்று வருடமாகப் பேச்சில்லை.

"நடுச் சுவருக்கு நேரா ஒரு கோடு. அதுக்கு அங்கால ஒரு இலைகூட எடுக்கக்கூடாது" என்றார் அக்கா.

"தண்ணி அங்காலதானே அக்கா போகவேணும். அங்கால அடைச்சுக் கிடக்கு."

"அது அங்கால இருக்கிற ஆக்களின்ர பாடு."

பாதிப் பீலியைத் துப்பரவு செய்வது பாதித் தலைக்கு முடி வெட்டுவது போல. தெரிந்தும் செய்தேன். பாதி வேலைக்கு முக்கால் விலை பேசி அக்காவைச் சம்மதிக்க வைத்த பெருமை வேறு. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் குப்பைமேடு. அக்கா ஏணியின் மூன்றாம் படியில் நின்று எட்டிப் பார்த்தார்: "ஒரு பீலிக்குள்ள ஆர் மனுசர், ஆர் மனுசரில்லை எண்டு இப்ப வடிவாத் தெரியுது."

கழுவி வைத்த பக்கம்

இரண்டு வாரம் பின்னேரம் மழை, பகலில் வெயில். ஒருநாள் அக்கா பதறிக்கொண்டு ஃபோன் எடுத்தார். நிசாம் நானாவின் மனைவி பரீதாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், பிளேட்லட் இறங்கிக்கொண்டிருக்கிறது. நோயாளி இருந்த இடத்தைச் சோதிக்கச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கிறார், பீலியைக் கழுவினவனைக் கேட்கிறார்.

போகும் வழியெல்லாம் நான் வாதத்தை அடுக்கிக்கொண்டு போனேன். என் பக்கம் சுத்தம், மற்றப் பக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. சிங்களத்திலேயே சத்தம் போட ஆயத்தம். பரிசோதகர் என் ஏணியில்தான் ஏறினார். ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு இறங்கி, என் முகத்துக்கு நேரே பிடித்தார். தெளிந்த தண்ணீர். அதில் மயிர்த்துண்டு போல நெளிந்துகொண்டு எத்தனையோ புழு.

துப்பரவு செய்ய இரண்டு வீட்டாருக்கும் மூன்று நாள் தவணை, தவறினால் வழக்கு என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் எழுதவில்லை. தோளில் தட்டிச் சிங்களத்தில் சொன்னார்: "அந்தப் பக்கம் வெறும் இலைச் சேறு, அதில் ஒன்றும் இல்லை. இந்த நுளம்பு தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், தம்பி. எல்லாம் நீங்கள் கழுவி வைத்த பக்கத்தில்தான் இருக்கு."

கூரையில் பேரம்

பரீதாவைக் கடித்த நுளம்பு அந்தப் பீலியில்தான் பிறந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது. இல்லை என்றும் சொல்லமுடியாது. மறுநாள் விடிந்ததும் ஏணியோடு போனேன். போனால் நிசாம் நானா கூரையில்! அறுபது தாண்டிய மனுசன், தண்ணீர்த் தாங்கியில் கால் வைத்து ஏறியிருக்கிறார். மழைத் தூறலில் அஸ்பெஸ்டஸ் சீட் வழுக்குகிறது. சீட்டில் ஆணி வரிசையில்தான் மிதிக்கவேண்டும், கீழே தாங்கும் மரச்சட்டம் இருப்பது அங்கேதான். அவர் நட்டநடுவில் குந்தியிருந்து இலையை அள்ளி எறிகிறார்.

"நானா, அசையாதீங்கோ! நான் செய்து தாறன், இறங்குங்கோ."

"எவ்வளவு?"

"சும்மா."

"சும்மா செய்ற ஆளா நீங்க? என்ன திட்டம், செல்லுங்க."

சீட் 'டக்' என்றது. இந்த ஊரில் நான் சம்பாதித்து வைத்திருக்கிற பெயர் அப்படி. விலை சொல்லாவிட்டால் மனுசன் இறங்கமாட்டார்.

"சரி, மூவாயிரம்!"

"விலை கூட!"

"ரெண்டாயிரம்!"

"ஆயிரம் தருவன்."

இன்னொரு 'டக்'. இந்தமுறை விரிசல் கண்ணுக்கே தெரிந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு றோசலின் அக்கா ஓடிவந்தார். "தம்பி, அந்தக் காசை நான் தாறன், முதல்ல அந்த மனுசனை இறக்குங்கோ!"

"அவட சல்லி எனக்கு வேணாம் எண்டு செல்லுங்க!" என்று நானா எழும்பப் பார்த்தார்.

"எழும்பாதீங்கோ! ஆயிரம்! சரி, ஆயிரம்!" என்று கத்தினேன். பாரத்தைப் பரப்ப, தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்று ஏணியைக் கூரைமேல் படுக்கவைத்துத் தள்ளினேன். அக்கா கீழே நின்று என் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானா ஏணியின்மேல் தவழ்ந்து வந்தார், ஒரு கை நிறைய மாவிலை இன்னும் விடாமல். தரையில் கால் பட்டபிறகுதான் அதைக் கீழே போட்டார். அக்கா அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே சொன்னார்: "ரெண்டு பிள்ளையளும் வெளிநாட்டில, மனுசி ஆஸ்பத்திரியில. இவரும் விழுந்து கிடந்தா சோறு கொண்டுபோறது ஆரெண்டு கேளுங்கோ."

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்குக் குழாய் வாயில் தோள்வரை கையை விட்டு அடைப்பை இழுத்தேன். இரண்டு வீட்டுத் தண்ணீரும் ஒன்றாக இறங்கியது. பிறகு தினமும் காலையில் நானாவுக்கு அழைத்து பிளேட்லட் எவ்வளவு என்று கேட்பேன். ஒரு எண் ஏறட்டும் என்று பேரம் பேச வழியில்லாமல் காத்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான். மூன்றாம் நாள் பரிசோதகர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் எண் ஏறியது.

பரீதா வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன். கன்னம் ஒட்டி, கதிரையில் சாய்ந்திருந்தார். பின்பக்கம் ஒரே சத்தம்: மாமரத்தின் எந்தக் கொப்பை வெட்டுவது என்று நானாவும் அக்காவும் நேருக்கு நேர் நின்று சண்டை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "இப்ப ரெண்டு பேரும் கதைக்கினம் போல" என்றேன். பரீதா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பேசாம இருந்த காலத்துல நுளம்புத் தொல்லை மட்டும்தான் இருந்திச்சு, தம்பி. இப்ப சத்தத்துல காதும் போகுது."

பீலியில் தண்ணீர் ஓட ஒரு விரல்கடைச் சரிவு போதும். அதை இரண்டு வீட்டுக்காரருக்கும் ஒரு பேரக்காரனுக்கும் விளங்கவைக்கத்தான் ஒரு மழைக்காலம் முழுவதும் போய்விடுகிறது.